பெர்மனென்ட் படுத்த இடம்

அத்தியாயம் 14

போன வாரம் அம்சவல்லியை வடலூர் பஸ் நிறுத்தத்தில் அப்படியே நிற்க வைத்துவிட்டு வந்துவிட்டோம். பாவம், கால் கடுத்திருக்கும்.

எதிர்ப்பக்கம் இருந்த சிவப்பிரகாசம் கடையைத்தான் அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். இன்டர்நெட் கனெக்‌ஷன், டிவி, வீட்டுக் கரண்டு வேலை எல்லாம் செய்கிற கடை. அம்சவல்லியின் மகள் அன்புக்கரசி பாலிடெக்னிக் முடித்துவிட்டு மூன்று மாதமாக அங்கேதான் வேலை பழகுகிறாள். கையில் ஒரு சீட்டோடு அவள் வெளியே வந்தாள். மறுநாள் போக வேண்டிய வீட்டு விலாசம் அதில் இருந்தது. நெய்வேலி டவுன்ஷிப்பில் அம்சவல்லி பதினோரு வருஷமாகப் பாத்திரம் தேய்க்கிற குவார்ட்டர்ஸ் விலாசம்.

பஸ்ஸில் வீடு திரும்பும்போது அம்சவல்லிதான் பேச்சை ஆரம்பித்தாள்.

"நாளைக்கு அங்க வரப் போறது நீதானா?"

"ஆமாம்மா. முதலாளி என்னத்தான் போவச் சொன்னாரு."

"வா. ஆனா அங்க வந்து என்ன அம்மான்னு கூப்டாத."

"ஏன்?"

"பாத்திரம் தேய்க்கிறவ பொண்ணுன்னு தெரிஞ்சா உன் பேச்ச யாரு காதுல வாங்குவாங்க. வேல முடியட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

அன்புக்கரசி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

விஷயம் இதுதான். அந்த வீட்டில் ஆறு மாதத்துக்குள் இரண்டு வைஃபை பெட்டி செத்துப்போய்விட்டது. இரண்டு தடவையும் போய்ப் பார்த்தவன் கடையின் சீனியர் மணிமாறன். இரண்டு தடவையும் சர்வீஸ் கார்டில் காரணம் என்ற கட்டத்தில் "பூனை" என்று எழுதிவிட்டு வந்துவிட்டான். இப்போது மூன்றாவது பெட்டியும் மதியத்துக்கு மதியம் மயக்கம் போடுகிறது. இந்தத் தடவை சிவப்பிரகாசம் அன்புக்கரசியைக் கூப்பிட்டார்.

"நாளையோட உனக்கு மூணு மாசம் முடியுது. அது ஏன் சாவுதுன்னு சரியா கண்டுபுடிச்சி எழுதிக்கினு வா. கடையில பெர்மனென்ட்டா வெச்சிக்கிறேன். அதே வூட்டுலேர்ந்து நாலாவது தடவ போன் வந்துச்சின்னா வேற எடம் பாத்துக்க."

பெர்மனென்ட். அந்தச் சொல் அவர்கள் வீட்டுக் கதவை இதுவரை தட்டினதில்லை.

*

காலையில் தங்கராசு கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இரண்டாவது ஷிப்டு. சுரங்கத்தில் பெல்ட் பார்க்கிற வேலை. பழுப்பு நிலக்கரியைச் சுமந்துகொண்டு ஓடுகிற பெல்ட்டுக்கு அடியில் வரிசையாக உருளைகள் இருக்கும். சுற்றாமல் முரண்டு பிடிக்கிற உருளை சூடாகும். சூட்டின் மேல் கரித்தூள் படிந்தால் புகையும். புகைவதற்கு முன்னால் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். பத்தொன்பது வருஷமாக அந்தப் பெல்ட்டோடு நடக்கிறான். இன்னமும் காண்ட்ராக்ட்தான்.

"அந்தப் பூன பேரு இன்னா சொன்ன?" என்று அம்சவல்லியைக் கேட்டான். அவனுக்குப் பேர் தெரியும். கேட்பதில் ஒரு சுகம்.

"பெர்மனென்ட்டு."

அந்தக் குவார்ட்டர்ஸ்காரர் வேலுமணி சார் வைத்த பேர் அது. அவரும் சுரங்கத்தில்தான், போர்மேன். தோட்டத்துப் பலா மரத்தடியில் வந்து நின்ற சாம்பல் நிறப் பூனைக்கு ஒரு வாரம் பால் ஊற்றினார். எட்டாம் நாள் அது நேராக ஹாலுக்குள் வந்து வைஃபை பெட்டியின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. "அட, ஏழு நாள்ல பெர்மனென்ட் ஆயிடுச்சே" என்றார். பேர் நின்றுவிட்டது.

"நான் பத்தொம்பது வருசமா நடந்துக்கினு இருக்கறன். அது படுத்துக்கினே ஆயிட்ச்சி பாரு" என்றான் தங்கராசு.

"அது சும்மா படுக்கலப்பா" என்றாள் அன்புக்கரசி. ஸ்க்ரூடிரைவர்களை எண்ணிப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். "சூடான எடமா தேடிப் படுக்குது. வூட்டுல எந்த மிஷினு சூடா இருக்குதுன்னு நமக்கு முன்னாடி அதுக்குத் தெரியும்."

"அப்ப எங்க பெல்ட்டுக்கு நாலு பூன அனுப்பச் சொல்லு. நாங்க ஆளாளுக்குப் பொறங்கைய வெச்சிப் பாக்குற வேலய அது படுத்தே முடிச்சிடும்."

"அப்பறம் உனக்கு வேல?"

"பூனக்கி மேஸ்திரி."

அம்சவல்லி சிரித்துவிட்டாள். அன்று முழுக்க அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

மகள் கிளம்பும்போது தங்கராசு வாசல் வரைக்கும் வந்தான். என்னவோ சொல்லப் போகிறான் என்று அவள் நின்றாள்.

"கழுத்துல கார்டு திரும்பிக்கினு இருக்குது. நேரா மாட்டு. பேரு தெரியட்டும்."

அவ்வளவுதான் சொன்னான். அவள் தெருமுனை திரும்புகிற வரைக்கும் அங்கேயே நின்றான்.

*

வேலுமணி சாரின் மனைவி தனபாக்கியத்தின் ஹாலைப் பார்த்தால் துணிக்கடை மாதிரி இருக்கும். டிவிக்குக் கவர். மிக்சிக்குக் கவர். பிரிட்ஜ் கைப்பிடிக்குக் கூட ஒரு சின்னக் கவர். கருப்புத் தூசி ஜன்னலைச் சாத்தினாலும் வந்து உட்கார்ந்துவிடுகிறது என்று தனபாக்கியம் புலம்பிய காலத்தில் அம்சவல்லிதான் ஒவ்வொன்றாகத் தைத்துக் கொடுத்தாள். மிஷின் இல்லை, கைத்தையல். வேலை முடிந்து வீட்டுக்குப் போய், கால் நீட்டிய பிறகு தைத்தது. பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர்கள் வந்தால் தனபாக்கியம் கவர்களைத்தான் முதலில் காட்டுவாள். "எங்க அம்சா கை."

அம்சவல்லிக்கு அந்த ஒரு சொல்லுக்காகவே பாதி அலுப்பு போய்விடும்.

எல்லாவற்றிலும் அருமையான கவர் வைஃபை பெட்டியின் கவர்தான். மேலே மெரூன் வெல்வெட். நடுவில் பஞ்சு. உள்பக்கம் பழைய காட்டன் துணி. பெட்டிக்குத் தொப்பி போட்ட மாதிரி நாலு பக்கமும் இறங்கி நிற்கும். அதன் மேல் பெர்மனென்ட், முன்னங்கால் இரண்டையும் நெஞ்சுக்கு அடியில் மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

"எறங்கு சாமி, எறங்கு" என்று தனபாக்கியம் அன்றைக்கும் காலையிலேயே ஆரம்பித்துவிட்டாள். பொள்ளாச்சிப் பக்கம் பிறந்தவள். முப்பது வருஷ டவுன்ஷிப் வாழ்க்கை பேச்சைத் தேய்த்திருந்தாலும் கோபம் வந்தால் ஊர் வந்துவிடும். "இந்தா அம்சா, இன்னைக்கு வர்ற சர்வீஸ்காரனும் பூனைதான்னு சொல்லட்டும். அவரு ஷிப்டு முடிஞ்சு வந்ததும் சாக்குல போட்டுத் திருவதிகைப் பக்கம் விட்டுப்போட்டு வந்துருங்கன்னு சொல்லிட்டேன்."

அம்சவல்லி துடைப்பத்தை நிறுத்தினாள்.

"அது இன்னா மேடம் பண்ணுச்சி?"

"அந்தப் பொட்டியில இருந்து அலை வருதாமா. பூனைக்கு அது புடிக்குமாமா. அதான் அங்கயே போய் விழுகுது. வாட்ஸ்அப்புல போட்டிருந்தாங்க."

"அலைக்குன்னா டவர் மேல இல்ல ஏறி உக்காந்திருக்கணும்."

தனபாக்கியத்துக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். உள் அறையில் ஏசி ஓடுகிற சத்தத்தோடு அருண்பிரசாத்தின் குரல் வந்தது. அவள் மகன். பெங்களூர் கம்பெனிக்கு வீட்டில் இருந்தே வேலை பார்க்கிறான்.

"அம்மா, பன்னெண்டரைக்கு எனக்கு மீட்டிங் இருக்கு. அதுக்குள்ள சரி பண்ணலைன்னா நான் ஆபீஸுக்கே கிளம்பிடுவேன்."

"அவன் பெங்களூருக்குப் போறதுக்குப் பூனை போறது மேல்" என்றாள் தனபாக்கியம்.

*

பதினொரு மணிக்கு ஸ்கூட்டி சத்தம் கேட்டது. அம்சவல்லி சமையலறையில் கை கழுவினாள். கழுவின கையையே திரும்பக் கழுவினாள்.

"வாம்மா கண்ணு. பொண்ணையா அனுப்பியிருக்காங்க" என்று தனபாக்கியத்தின் குரல். "உக்காரு. வெயில்ல வந்திருக்கே. அம்சா, சர்வீஸ் பொண்ணுக்கு ஒரு காபி கொண்டா."

காபியைப் பூப்போட்ட பீங்கான் கோப்பையில் ஊற்றினாள் அம்சவல்லி. விருந்தாளிக் கோப்பை. அவளுடைய எவர்சில்வர் டம்ளர் பின் வராண்டாவில், துணி துவைக்கிற கல்லுக்கு மேலே இருக்கும். அங்கே சுவரில் ஒரு பெட்டி, அந்தப் பெட்டி மேல் கவிழ்த்து வைத்திருப்பாள். பதினோரு வருஷமாக அது அங்கேதான்.

கோப்பையை நீட்டினாள். அன்புக்கரசி சோபாவில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"உக்காரும்மா, உக்காரு. அவளுக்கென்ன" என்றாள் தனபாக்கியம்.

"பரவால்ல மேடம். நின்னு பாத்தாத்தான் தெரியும்."

கோப்பையை வாங்கி டீப்பாயில் வைத்தாள். குடிக்கவில்லை. இருவர் விரலும் ஒரு நொடி பட்டது. அம்சவல்லி வாசல்படி நிலையில் சாய்ந்து நின்றுகொண்டாள். வேறு வேலை இருந்தது. போகவில்லை.

மகள் வேலை செய்து அவள் பார்த்ததில்லை.

அன்புக்கரசி முதலில் பெட்டியைத் தொடவில்லை. பூனையைத்தான் பார்த்தாள். புறங்கையைப் பூனையின் வயிற்றுக்கு அடியில் மெதுவாக நுழைத்து வைத்தாள். பெர்மனென்ட் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

"இது எப்பல்லாம் இங்க வரும் மேடம்?"

"எப்ப போகும்னு கேளு."

"டிவி பக்கம்?"

"டிவி போட்டிருந்தா அந்த சின்னப் பொட்டி மேல. இவன் லேப்டாப்பைத் தொறந்தா அதுமேல. துணி இஸ்திரி போட்டு வெச்சா அதுமேல."

அருண்பிரசாத் வெளியே வந்தான். "லேப்டாப் மேல வேணும்னே வந்து உக்காருது. டைப் பண்ண விடாது."

"வேணும்னுதான் சார்" என்றாள் அன்புக்கரசி. "சூடு பாதி. மிச்சம் பாதி நீங்க. உங்க கண்ணும் கையும் நாள் பூரா அதுமேலதான இருக்கு. அங்க வந்து உக்காந்தா நீங்க தொட்டுத்தான ஆகணும். திட்டிக்கிட்டே தூக்கினாலும் தூக்குறதுதான். அதுக்கு அது போதும்."

அவன் பூனையைப் பார்த்தான். கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரி இருந்தது.

"ஆனா இந்தப் பெட்டிய யாரும் கொஞ்சுறதில்ல. இதுக்கு வேற காரணம்" என்றாள். பூனையை இரண்டு கையாலும் அள்ளி சோபாவில் விட்டாள். கவரைத் தூக்கினாள். பெட்டியைத் தொட்டவள் விரலை உதறினாள்.

கவரைத் திருப்பிப் பார்த்தாள்.

உள்பக்கம் நீலக் கட்டம் போட்ட துணி. பதினொன்று, பன்னிரண்டு என்று இரண்டு வருஷம் அவள் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போன யூனிபார்ம். ஓரத்தில் அம்மாவின் தையல், ஒரே அளவில், ஒன்று கூடத் தப்பாமல்.

அம்சவல்லி நிலையை விட்டு நிமிர்ந்தாள். மகளின் முகம் மாறினதை அவள் மட்டும்தான் பார்த்தாள்.

*

அதற்கப்புறம் அன்புக்கரசி வேலையில் இறங்கினாள். பையில் இருந்து புதுப் பெட்டி ஒன்றை எடுத்தாள். கரண்டு கொடுக்காமலே அதன் மேல் வெல்வெட் கவரைப் போட்டாள். பெர்மனென்ட் வந்தது. மோந்தது. சுற்றி வந்தது. ஏறவில்லை. பழைய பெட்டியின் ஒயரைப் பிடுங்கி, கவரில்லாமல் தரையில் வைத்தாள். பூனை நேராக அதனிடம் போய் வாலைச் சுற்றிப் படுத்துக்கொண்டது.

"பாத்தீங்களா, அலையும் இல்ல, லைட்டும் இல்ல. பெட்டி செத்துக் கிடக்கு. சூடு ஆறல, அதான் படுக்குது" என்று சொல்லிக்கொண்டே பழையதைப் பிரித்தாள். உள்ளே நாலைந்து முடி. சர்க்யூட் பலகை சுத்தமாக இருந்தது. ஓரத்தில் மட்டும் பழுப்பேறி இருந்தது.

"பூனையோட ஒடம்பு நம்ம ஒடம்ப விட சூடு மேடம். நமக்குச் சுடற எடம் அதுக்கு இதமா இருக்கும். நீங்க கையெடுக்குற எடத்துல அது கண்ண மூடும்."

"அப்ப அது மேல படுத்துப் படுத்துத்தான் சூடாகுதா?"

அந்தக் கேள்விக்கு அன்புக்கரசி தலையைத் தூக்கவில்லை.

பூனை படுத்ததால் பெட்டி சூடாகவில்லை. பெட்டி சூடானதால் பூனை படுத்தது. பெட்டிக்கு நாலு பக்கமும் மூச்சு விடுகிற ஓட்டை இருக்கிறது. நாலையும் அடைத்து, பஞ்சு வைத்து, தொப்பி போட்ட மாதிரி ஒரு கவர். இந்த வீட்டில் எந்த சுவிட்சும் அணைந்து அம்சவல்லி பார்த்ததில்லை. கரண்டு எடுக்கிற ஊரில் கரண்டுக்கு என்ன பஞ்சம் என்பாள் தனபாக்கியம். ராத்திரி பகலாக எரிகிற பெட்டி, ராத்திரி பகலாகக் கம்பளி போர்த்திக்கொண்டு கிடந்தது. புதுசு மாற்றின ஒவ்வொரு தடவையும் அம்சவல்லிதான் கவரைத் துவைத்துக் காயவைத்துப் பத்திரமாகப் போட்டுவிட்டாள்.

இவ்வளவும் அன்புக்கரசிக்குத் தெரிந்துவிட்டது. அதைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். சொன்னால், மூன்று பெட்டி கெட்டதற்கும் ஆள் யாரென்று இந்த ஹாலில் இருக்கிற எல்லாருக்கும் தெரிந்துவிடும். எங்க அம்சா கை.

சொல்லாவிட்டால், பூனை திருவதிகைக்குப் போகும். கவர் புதுப் பெட்டி மேல் ஏறும். இரண்டு மாதத்தில் நாலாவது போன் வரும்.

சர்வீஸ் கார்டை எடுத்தாள். பழுது என்ற கட்டத்தை நிரப்பினாள். காரணம் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. மேடம் சமையலறைப் பக்கம் போயிருந்தாள். அருண்பிரசாத் செல்போனில் இருந்தான். அவள் சட்டென்று எழுதினாள்.

ஆறிப்போன காபியை எடுக்க அம்சவல்லி வந்தாள். கோப்பையைத் தூக்கியவள் அப்படியே நின்றாள். அவளுக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் எழுத்து பழக்கமானது. எதைப் படித்தாலும் உதடு அசையும். இப்போதும் அசைந்தது.

"பூ… னை."

அன்புக்கரசி கார்டைக் கையால் மறைத்தாள்.

"பூனையா?" என்றாள் அம்சவல்லி, காதோரம்.

"நீ போம்மா" என்றாள் அவள், இன்னும் தாழ்வாக.

"பொய்யி எழுதறதுக்கா உன்ன படிக்க வெச்சம்?"

"உன் கவரு மூச்ச அடச்சித்தான் பெட்டி சாவுது. அத எழுதினா இன்னாவும்னு தெரியுமா உனக்கு? பதினோரு வருசம்."

"தெரியும். நீ பூனைன்னு எழுதிட்டுப் போனா நாளைக்கு மணிமாறனும் நீயும் ஒண்ணு. அதுவும் தெரியும்."

சமையலறையில் இருந்து தனபாக்கியம் வந்தாள். இரண்டு பேரும் இப்படி முகத்தோடு முகம் நிற்பதைப் பார்த்தாள்.

"என்ன அம்சா, என்ன சொல்லுது பொண்ணு? பூனைதானே?"

அம்சவல்லி கோப்பையை டீப்பாயில் வைத்தாள். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள். வெல்வெட் கவரை எடுத்துத் தனபாக்கியத்தின் கையில் கொடுத்தாள்.

"பூனை இல்ல மேடம். இந்தக் கவரு. இத தெச்சது நான். பெட்டி மூச்சு முட்டி செத்துப்போச்சி. அத கண்டுபுடிச்சது என் பொண்ணு."

தனபாக்கியம் கவரைப் பார்த்தாள். உள்பக்க நீலக் கட்டத்தைப் பார்த்தாள். அன்புக்கரசியின் கழுத்தில் நேராகத் தொங்கிய கார்டைப் பார்த்தாள். த. அன்புக்கரசி, டெக்னீஷியன். பிறகு இரண்டு முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். அந்த மூக்கை இத்தனை நேரம் எப்படிக் கவனிக்காமல் போனோம் என்று அவளுக்கே தோன்றியிருக்க வேண்டும்.

"உம்பொண்ணா?"

"என் பொண்ணு."

"அப்புறம் எதுக்கு நீயே காபி கொண்டாந்து நீட்டினே?"

"நீங்கதான் கொண்டாரச் சொன்னீங்க."

"சொல்லியிருந்தா நானே போட்டுக் குடுத்திருப்பேன்ல" என்றாள் தனபாக்கியம்.

அது நிஜமாகவும் இருக்கலாம். இன்றைக்கு வரைக்கும் அம்சவல்லிக்கு அதைச் சோதித்துப் பார்க்க வாய்ப்பு வந்ததில்லை, அவ்வளவுதான்.

அன்புக்கரசி கார்டில் பூனையை அடித்தாள். ஒரே கோடு, அழுத்தமாக. பக்கத்தில் எழுதினாள். காற்றுத் துளைகள் கவரால் மூடப்பட்டதால் சூடாகிப் பழுது. எழுதி முடித்து அம்மா பக்கம் திருப்பி வைத்தாள். அம்சவல்லியின் உதடு அசைந்தது. நீள வரி. ஆனாலும் கடைசி வரைக்கும் படித்தாள்.

"சரியா இருக்குது" என்றாள்.

*

புதுப் பெட்டி கவரில்லாமல் எரிந்தது. இருபது நிமிஷம் கழித்து பெர்மனென்ட் ஏறிப் பார்த்தது. ஒரு காலை வைத்தது. வெதுவெதுப்பு போதவில்லை போல. இறங்கிவிட்டது.

"கோவிச்சுக்கிட்டுப் போகுது பாரு" என்றான் அருண்பிரசாத். நெட் வந்துவிட்ட சந்தோஷம் அவனுக்கு. மீட்டிங்குக்காக அறைக்குள் போனான்.

பூனை ஹாலைக் குறுக்காகக் கடந்தது. சோபாவில் ஏறவில்லை. டிவி பக்கம் போகவில்லை. எதிர்ச் சுவருக்கு அடியில் போய், சுவரோடு முதுகை ஒட்டி நீளமாகப் படுத்தது.

அங்கே ஒரு மிஷினும் இல்லை. வெறும் சுவர். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் அருண்பிரசாத்தின் அறை.

பையைத் தோளில் மாட்டிய அன்புக்கரசி நின்றாள்.

"இது இங்க படுக்குமா மேடம்?"

"இப்ப ஒரு வாரமாத்தான். மத்தியானத்துல. தரை குளுமையா இருக்கும்னு படுக்குது போல."

"குளுமைக்கா?"

பையை இறக்கினாள். பூனைக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள். புறங்கையைச் சுவரில் வைத்தாள். ஒரு சாண் தள்ளி வைத்தாள். திரும்ப அதே இடத்தில் வைத்தாள்.

"அம்மா" என்றாள், உரக்கவே. "இங்க வந்து உன் கைய வையி."

அந்த வீட்டில் அந்தச் சொல்லுக்கு அதுவரை தனபாக்கியம்தான் திரும்புவாள். இன்றைக்கும் தனபாக்கியம் திரும்பினாள். ஆனால் போனது அம்சவல்லி. சுண்ணாம்பு மேல் புறங்கையை வைத்தாள். எத்தனை அடுப்புக்கல், எத்தனை இஸ்திரிப் பெட்டி, எத்தனை காய்ச்சல் நெற்றி பார்த்த கை.

"வெயிலு இல்ல" என்றாள். "உள்ள இருந்து வருது."

"மேடம், மெயின் எங்க இருக்கு? ஒடனே அணைக்கணும்."

"மெயினா?" தனபாக்கியம் விழித்தாள். "அதை எங்க அணைச்சோம். அவருக்குத்தான் தெரியும். அவரு ஷிப்டுல…"

"எனக்குத் தெரியும்" என்றாள் அம்சவல்லி.

பின் வராண்டாவுக்கு விறுவிறுவென்று போனாள். துவைக்கிற கல் மேல் ஏறினாள். அந்தப் பெட்டிக்குத் தினம் தூசி தட்டுகிறவள் அவள் ஒருத்திதான். மேலே கவிழ்ந்திருந்த தன் டம்ளரை எடுத்துக்கொண்டாள். மூடியைத் திறந்தாள். இருக்கிறதிலேயே பெரிய கைப்பிடியைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

வீடு முழுக்க நின்றது. மின்விசிறி தளர்ந்து தளர்ந்து ஓய்ந்தது. பிரிட்ஜின் முனகல் அடங்கியது. இத்தனை நாளும் இந்த வீட்டில் ஒரு சத்தம் இருந்துகொண்டே இருந்தது என்பதே அப்போதுதான் தெரிந்தது. வெளியில் பலா மரத்தில் அணில் கத்தியது.

"அம்மா, நெட்டு போச்சு" என்று உள்ளிருந்து அருண்பிரசாத்.

"நெட்டு மட்டும் போனதேன்னு சந்தோஷப்படு. வெளிய வா" என்றாள் தனபாக்கியம்.

அம்சவல்லி ஹாலுக்குத் திரும்பினாள். கையில் டம்ளர் இருந்தது. வைக்க மறந்து கொண்டுவந்துவிட்டாள். தனபாக்கியத்தின் கண் அந்த டம்ளரில் போய் நின்றது. அதை அவள் ஹாலில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"உள்ள ஒயரு ஜாயிண்ட் லூசா இருக்கு மேடம்" என்றாள் அன்புக்கரசி. "ஏசி ஓட ஓட சூடாகுது. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா சுவரு கருகிப் புகைஞ்சிருக்கும். பூனையத் தொரத்தியிருந்தா நமக்குத் தெரிஞ்சே இருக்காது. இந்த ஏசி லைன இழுத்தது யாரு?"

தனபாக்கியம் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"போன கோடையில போட்டது. உங்க கடை ஆளுதான் கண்ணு. மணிமாறன்."

அன்புக்கரசியின் பையில் செல்போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். சிவப்பிரகாசம். முதலாளி. மணிமாறன் முதலாளிக்கு அக்கா மகன் என்பது கடையில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. பெர்மனென்ட் சுவரோரம் ஒரு காதை மட்டும் அந்தப் பக்கம் திருப்பியது.

அன்புக்கரசி அம்மாவைப் பார்த்தாள். அம்சவல்லி டம்ளரை டீப்பாயில், பூப்போட்ட கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். சர்வீஸ் கார்டை எடுத்து மகள் முன்னால் நகர்த்தினாள். காரணம் என்ற கட்டத்துக்குக் கீழே இன்னும் இரண்டு வரிக்கு இடம் இருந்தது.

"எழுது" என்றாள். "நான் படிச்சிப் பாக்கறன்."